கண்மாய் முயலுக்கு வளை கிடையாது

கண்மாய்க் கரையை விட்டு இறங்கி, மதுரைச் சாலையில் இடது ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்ததில் தூக்கிவாரிப் போட்டது. போர்த்துகலில் வண்டிகள் வலப்பக்கம் ஓடும். இடது ஓரம் நடந்தால் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியும். ஒன்பது வருடம் அப்படி நடந்த கால் இங்கேயும் இடது ஓரத்தையே பிடிக்கிறது. இங்கே எல்லாம் முதுகுக்குப் பின்னால் வருகிறது. ஊர் திரும்பி நான்கு மாதமாகியும் திருந்தவில்லை. அன்று சாயங்காலம் பக்கம் மாறி நடக்கக்கூடத் தெம்பில்லை. செருப்பில் கருவேல முள் ஏறியிருந்தது. முந்தின நாள் சொன்ன ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கப் போய், முடியாமல் வந்துகொண்டிருந்தேன்.

இஸ்மாயிலும் நானும் மதுரைச் செல்லூரில் எட்டாவது வரை ஒன்றாகப் படித்தோம். அத்தோடு நின்று நான் தறிக்குப் போனேன். பிறகு திருப்பூர், குவைத், கடைசியில் போர்த்துகல். அவன் கரி வியாபாரத்துக்குப் போனான். கண்மாய்களில் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேலத்தை ஏலம் எடுத்து, வெட்டி, மூட்டம் போட்டு எரித்துக் கரியாக்கி விற்கிறான். போன வருடம் வேறொரு கண்மாயில் அவனுடைய ஆட்கள் முயலைப் பிடித்துக் குழம்பு வைத்துவிட்டார்கள். வனத்துறை வந்து, அவன் அலையாய் அலைந்தான். அதனால் இந்தக் கண்மாயில் கை வைக்கும் முன் என்னைக் கூப்பிட்டான்.

"மாப்ள, நீ வெளிநாட்டுல முயல் எண்ணுன ஆளுதான? உள்ள முயல் கெடக்கான்னு பாத்துச் சொல்லு. கெடந்தா ஆள விட்டுக் கையால வெட்டுறேன். இல்லைன்னா ஜேசிபிய எறக்கிருவேன்."

முயல் எண்ணியது உண்மைதான். ஆறு கடலில் சேரும் இடத்துச் சதுப்பில், நெல் வயலும் மணல் திட்டுமாக ஒரு பண்ணை. வெயிலும் கொசுவும் மட்டும் நம் ஊர் மாதிரி. அறுவடை இல்லாத மாதங்களில், விடிந்ததும் மணல் திட்டுகளைச் சுற்றிவந்து முயலை எண்ணுவது என் வேலை. வளை வாயில் புது மண் கிடக்கும். பட்டாணி மாதிரி புழுக்கை ஒரே இடத்தில் குவிந்திருக்கும். ஓடும்போது வாலின் அடி வெள்ளையாகத் தூக்கும், கண் மூடித் திறப்பதற்குள் வளைக்குள் போய்விடும். முதல் நாள் முதலாளி பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. பிடிக்கச் சொல்கிறார் என்று நினைத்து, வளை வாயில் சாக்கைக் கட்டி ஒன்றைப் பிடித்துப் போய் நீட்டினேன். கத்தினார். சின்னதாக இருக்கிறது போல என்று மறுநாள் பெரியதாக ஒன்றைக் கொண்டுபோனேன். அங்கே தோட்டங்களில் கிடக்கும் நம் ஆட்கள் இன்னும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நெல் தாளுக்குள் நீளக் காதோடு இன்னொன்றும் ஓடும். அதைக் காட்டினால் முதலாளி கையை ஆட்டுவார், அது கணக்கில் இல்லை என்று. நானும் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

அந்தப் படிப்போடுதான் இஸ்மாயிலின் கண்மாய்க்குள் இறங்கினேன். இரண்டு நாள் காலையும் மாலையும் கரைச் சரிவு, மரத்தூர் எல்லாம் பார்த்தேன். எலிப் பொந்து இருந்தது. கீரி குடைந்தது ஒன்று. ஒன்றின் வாயில் பாம்புச் சட்டை. முயல் வளை ஒன்றுகூட இல்லை. புழுக்கை எங்கும் சிதறிக்கிடந்தது, ஆடு மேய்கிற இடம்தானே என்று தாண்டிப் போனேன். செல்லூரில் பிறந்தவனுக்கு முயல் என்றால் சந்தையில் கூண்டுக்குள் விற்கிற வெள்ளை முயல். "ஒன்னுகூட இல்லடா" என்று இஸ்மாயிலிடம் சொன்னேன். அவன் ஊர்க்காரர்களிடம் சொல்லி, மெஷின் பேசிவிட்டான்.

மறுநாள் மத்தியானம் மறந்து வைத்த தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கப் போனேன். ஆடு மேய்க்கும் பேச்சி, என் வயதுதான் இருக்கும், கரையிலிருந்து கத்தினாள்.

"என்னண்ணே, மூணு நாளாப் பொந்து பொந்தாக் குனிஞ்சு பாக்குறீக. தாலிய எதுவும் தொலைச்சீகளா?"

"முயல் வளை தேடுனேன்."

கம்பில் சாய்ந்து நின்று சிரித்தாள். "முயலுக்கு ஏதுண்ணே வளை? அது என்ன எலியா?"

இறங்கி வந்து, கம்பால் கோரைப் புல்லை விலக்கினாள். இரண்டு குட்டிகள். உள்ளங்கை அளவு. போர்த்துகலில் வளை இடிந்து பார்த்த குட்டிகள் மயிரில்லாமல், கண் திறக்காமல் கிடக்கும். இவற்றுக்கு உடம்பெல்லாம் மயிர். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தன.

"எம்புட்டு நேரம் நின்னாலும் அசையாது. பொழுது சாஞ்சாத்தான் ஆத்தா வந்து பால் குடுக்கும்." தரையிலிருந்து இரண்டு புழுக்கையைப் பொறுக்கி என் கையில் வைத்தாள். "இந்தா, கறுப்பா நீளமா, இது என் ஆட்டுது. தட்டையா வெளுத்துக் கெடக்குல்ல, இது அதுது."

நான்கு அடி தள்ளிப் புல்லிலிருந்து தாய் முயல் எழுந்து பாய்ந்தது. நீளக் காது, பிடரியில் கறுப்பு; அங்கே கணக்கில் இல்லாத அந்த இன்னொன்றின் சாதி. எந்தப் பொந்துக்கும் போகவில்லை. பெரிய வட்டமாக ஓடியது. அது படுத்திருந்த இடத்தில் புல் அமுங்கியிருந்தது, அவ்வளவுதான்.

"சுத்திட்டு இங்கதான் வந்து படுக்கும்" என்றாள் பேச்சி. "வேற எங்க போகும்?"

இஸ்மாயிலிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் மூட்டத்துக்குக் குழி அளந்துகொண்டிருந்தான்.

"நேத்து இல்லைன்ன. இன்னைக்கு இருக்குங்குற. ஒன் பேரச் சொல்லித்தான மாப்ள ஊர்ல ஒத்துக்க வச்சேன்? காலைல ஏழு மணிக்கு மெஷின் எறங்குது. மழைக்கு முந்தி முடிச்சாத்தான் தண்ணி நிக்கும். தண்ணி வந்தா ஒன் முயலு நீச்சலா அடிக்கும்?"

அவன் சொன்னதில் தப்பும் இல்லை. வனத்துறைக்குப் போன் போட்டால் அவன்தான் மறுபடி அலைவான், அதுவும் என் வாயால். கரையை விட்டு இறங்கினேன்.

கோச்சடை வரும்போது இன்னும் இருட்டத் தொடங்கவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கினேன். செல்லூரில் அண்ணன் வீட்டு ஹாலில் படுக்கிறேன். காலையில் பாயைச் சுருட்டி வைத்தால் நான் படுத்த அடையாளம் இருக்காது. என் பெட்டியில் இருக்கும் துணியை அண்ணி இன்னும் அலமாரிக்கு மாற்றச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லிஸ்பனிலிருந்து, அங்கே தங்குவதற்கான கார்டைப் புதுப்பிக்கும் கடிதம் வரவேண்டும். அங்கே ஆறு பேர் அறையில் என் கட்டிலில் இப்போது வேறொருவன் படுத்திருப்பான். பெரியவை ஓடிவிடும், குட்டிகள் அசையாது என்பதுதான் டீ முடியும்வரை மனதில் ஓடியது. இஸ்மாயிலுக்குப் போன் போட்டேன்.

"காலைல நான் வாரேன். மெஷினுக்கு முன்னால நடக்குறேன்."

"நீயா? வெயில்ல சுருண்டு விழுந்துருவடா."

"தட்டி வெரட்டத் தகர டின் ஒன்னு குடு, போதும். மத்த ஆளுக்குக் குடுக்குற கூலிதான் எனக்கும்."

"சரி வா. டிரைவர நிப்பாட்டி நிப்பாட்டி என் வேலையக் கெடுக்காத."

மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த வேலையில் சேர்ந்தேன். ஜேசிபிக்கு இருபது அடி முன்னால், எண்ணெய் டின்னைக் குச்சியால் தட்டிக்கொண்டு, புல்லை விலக்கிப் பார்த்தபடி நடக்க வேண்டும். பேச்சியும் ஆடுகளைக் கரையில் விட்டுவிட்டு வந்தாள். "வெறுங்கையால தொடாதீக, மனுச வாட ஒட்டிக்கிரும்" என்று ஒரு பிடி கோரையைப் பிடுங்கித் தந்தாள். குட்டிகளைப் புல்லோடு சேர்த்து அள்ளிக் கரைக்கு அந்தப் பக்கச் சரிவில் வைத்தேன். அவை கிடந்த பள்ளத்தைத் தொட்டேன். சூடு இருந்தது. பிறகு மெஷின் அதன் மேல் ஏறியது.

டின் சத்தத்துக்கு ஓடிய தாய் முயல் வட்டம் சுற்றி வந்துவிட்டது. புரட்டிப் போட்ட மண்ணின் நடுவில், புல் இருந்த இடத்தில், காதைத் தூக்கி உட்கார்ந்திருந்தது. குட்டிகள் நூறு அடி தள்ளிக் கரைக்கு அப்பால். அது அந்தப் பக்கம் திரும்புமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். முதுகுக்குப் பின்னால் டிரைவர் ஹாரன் அடித்தான். டின்னைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன்.