சென்னம்மாளின் வியாழக்கிழமை ஊசி

சென்னம்மாள் போராடி மீட்டவை இவை: மரத்துப்போன இரண்டு கால்கள். சோற்றின் ருசி. "இனி இவள் எழுந்திருக்க மாட்டாள்" என்று கெலமங்கலத்துப் புருஷன் வீட்டார் வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு, மத்திகிரியில் தன் கையால் மூட்டிய அடுப்பு. ஊரெல்லாம் காய்ச்சலில் விழுந்த வருடத்தில் தனக்குத் தானே போட்டுக்கொண்ட ஊசி. இன்னும் ஒன்று உண்டு. அது கடைசியில் வரும்.

அவளுடைய அண்ணன் திம்மப்பன் மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலை செய்தான். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. ஆனால் எதையும் எழுதி வைக்காமல் விடமாட்டான். ஓசூர் டாக்டர் அவளைச் சோதித்துவிட்டு, உடம்பில் ரத்தம் ஊறவில்லை என்றார். வாரம் ஒரு வைட்டமின் ஊசி எழுதிக் கொடுத்தார்.

"ஒரு வாரங்கூட விடாதீங்க. விட்டா கால் மறுபடி மரத்துடும். அப்புறம் திரும்பி வராது."

அதைக் கேட்ட அன்றே திம்மப்பன் ஊசிக்கு வியாழக்கிழமையைக் குறித்தான். பழுப்புக் காகிதம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, மேலே கொட்டை எழுத்தில் சென்னம்மாள் என்று எழுதினான். ஊசி போட்ட ஒவ்வொரு வியாழனுக்கும் பேனாவால் ஒரு கோடு. ஓசூர் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் கங்கப்பன் சைக்கிளில் வந்து அவள் கையில் ஊசி போட்டுவிட்டுப் போவார். பதினைந்து கோடுகள் ஆயின. அவள் சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான், மெட்ராஸில் கப்பலிலிருந்து இறங்கியதாகச் சொன்ன அந்தக் காய்ச்சல் ஓசூருக்கும் வந்து சேர்ந்தது. பண்ணையில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். கங்கப்பன் வாசலுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, கண்ணாடி ஊசிக்குழலையும் ஒரு மருந்துக் குப்பியையும் நீட்டினார்.

"நான் உள்ள வர்றது பேட, வேணாம் திம்மப்பா. நாளெல்லாம் காய்ச்சல்காரங்க நடுவுல நிக்கறேன். ஊசியோட அதையும் கொண்டாந்து குடுத்துடுவேன். நீ மாட்டுக்கே போடறவன், தங்கச்சிக்குப் போட மாட்டியா?"

ஜூன் 27, வியாழன். குழலைத் துணியில் சுற்றிப் பச்சைத் தண்ணீரில் போட்டு, அடுப்பிலேற்றிக் கொதிக்க வைத்தான். மருந்தை ஏற்றினான். அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. மாட்டின் கழுத்தில் முஷ்டியால் இரண்டு தட்டு. மூன்றாவது தட்டோடு ஊசி. அதையும் தட்டென்று நினைத்து மாடு சும்மா நிற்கும். திம்மப்பனின் கைக்கு வேறு விதமாகப் போடத் தெரியாது.

"என்னண்ணா குத்தற? நான் என்ன உங்க பண்ணை எருமையா?"

"எருமை பேசாம நிக்கும். நீயும் அப்படியே இரு."

ஒன்று. இரண்டு. மாட்டுக்கு எண்ணத் தெரியாது. அடுத்தது என்னவென்று சென்னம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. வெடுக்கென்று கையை இழுத்தாள். குழல் தரையில் விழுந்து நொறுங்கியது. அந்த வாரத்துச் சிவப்பு மருந்தைச் சாணம் மெழுகிய தரை குடித்துவிட்டது.

மறுநாள் திம்மப்பன் ஆஸ்பத்திரிக்குப் போனான். முன்னால் நின்றவருக்கும் பின்னால் நின்றவருக்கும் இருமல். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அரை நாள் வரிசையில் நின்று, வேறு குழலும் ஒரே ஒரு குப்பியும் வாங்கி வந்தான். ஆனால் வீட்டுக்குள் போகக் கால் வரவில்லை. பொட்டலத்தை வாசற்படியில் வைத்தான்.

"கிட்ட வராத. ரெண்டு நாள் பாக்கறேன். காய்ச்சல் வரலைன்னா நானே போடறேன்."

சனிக்கிழமை சாயங்காலமே காய்ச்சல் வந்தது. மாட்டுக் கொட்டகையை ஒட்டிய வைக்கோல் அறையில் படுத்துக்கொண்டான். அவள் வாசலில் கஞ்சியை வைத்துவிட்டு விலகுவாள். உடம்பு வலியைவிட, நாள் தள்ளிப்போகிறதே என்ற பயந்தான் அவனை அதிகம் உலுக்கியது.

ஞாயிறு காலை சுவருக்கு அப்பாலிருந்து அவள் குரல் கேட்டது.

"அண்ணா, குழலைக் காய்ச்சிட்டேன். எங்க குத்தறது?"

"நீயா? வேணாம் புள்ள!"

"வேற யாரு இருக்கா? உங்க எருமை வந்து போடுமா?"

அவன் எழ முயன்றான். தலை சுற்றியது. படுத்தபடியே கத்தினான்: "தொடையில, வெளிப்பக்கமா. குழல்ல காத்து இருக்கக் கூடாது. மெதுவா அழுத்து." பிறகு சத்தமே இல்லை. விழுந்துவிட்டாளோ? ஊசி முறிந்துவிட்டதோ?

"அண்ணா! வலிக்குது!"

"ஐயோ, எடுத்துடு!"

"போட்டு முடிச்சுட்டேன். தொடை வலிக்குதுண்ணா. கிள்ளினாக்கூடத் தெரியாத தொடை!"

வைக்கோலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு திம்மப்பன் அழுதான்.

ஆனால் அடுத்த வியாழனுக்கு மருந்து இல்லை. அன்று காலை, சொன்னால் தடுப்பான் என்று, அவனிடம் சொல்லாமலே அவள் பண்ணைப் பால் வண்டியில் ஏறி ஓசூருக்குப் போய்விட்டாள். வண்டி கிளம்பிய பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். திம்மப்பனுக்கு உடனே ஆஸ்பத்திரி மைப்பெட்டி ஞாபகம் வந்தது. மருந்து வாங்குபவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். தெரியாதவர்கள் அந்த ஒரே மைப்பெட்டியில் விரலைத் தேய்த்து ரேகை வைக்க வேண்டும். இருமிய கை எல்லாம் அதில்தான். சென்னம்மாளுக்கு எழுதத் தெரியாது. மனம் ஒரு நிலையில் நிற்காமல் எழுந்துபோய் வாசலிலிருந்தே சுவர்க் காகிதத்தைப் பார்த்தான். அதனருகே எப்போதும் இருக்கும் பேனாவைக் காணோம்.

உச்சி வெயிலில் அவள் திரும்பி வந்து தள்ளியே நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். மடியில் நாலு குப்பி.

"ரேகை வெச்சியா? சோப்புப் போட்டுக் கையைக் கழுவு, முதல்ல கழுவு!"

அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். மை இல்லை.

"எனக்கு முன்னால நின்ன பெரியவர் கையில இருமிட்டு அதையே அழுத்தினாரு. நான் தொடுவேனா? உன் பேனாவை எடுத்துட்டுப் போயிருந்தேன்."

"எழுத உனக்கு ஏது எழுத்து?"

"நீ படுத்திருந்த நாளெல்லாம் அந்தக் காயிதத்துல இருக்கற என் பேரைக் கரியால தரையில எழுதிப் பாத்தேன். ஆஸ்பத்திரி நோட்டுல அதையே எழுதினேன், கங்கப்பன் அண்ணன் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு."

அன்று மாலை அவளே ஊசியைப் போட்டுக்கொண்டாள். அவளே கோட்டையும் போட்டாள். கோட்டுக்குப் பக்கத்தில் என்றைக்கும் தேதி எழுதாத திம்மப்பன், காய்ச்சல் விட்டு எழுந்ததும் அந்த ஒரு கோட்டுக்கு மட்டும் எழுதி வைத்தான்: 1957 ஜூலை 4.