தேவகி வென்ற ஆட்டம்

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் தேவகிக்கும் அக்தர் பானுவுக்கும் அடுத்தடுத்த மெஷின். சாப்பாட்டு வேளையில் இருவரும் போனில் செஸ் ஆடுவார்கள். தேவகி பள்ளிக்கூடத்தில் கற்றவள். பானு அண்ணன்களோடு ஆடிப் பழகியவள்.

தேவகிக்குப் பிடித்தது கிங்ஸ் காம்பிட். ராஜாவை ஒட்டிய சிப்பாய் ஒன்றை இரண்டாவது நகர்த்தலிலேயே எதிராளிக்குச் சும்மா கொடுத்துவிட்டு வேகமாகத் தாக்குகிற ஆட்டம் அது. பானு தயங்காமல் அந்தச் சிப்பாயை வெட்டுவாள். பக்கத்துச் சிப்பாயை முன்னே தள்ளி, வெட்டிய காய்க்குக் காவல் வைத்துவிடுவாள். அப்புறம் தேவகியின் தாக்குதல் எதுவும் பலிக்காது. ஒருமுறைகூட அவள் ஜெயித்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் பானுவுக்கு மார்பில் கட்டி வந்தது. வேலூரில் மருந்து ஏற்றினார்கள். முடி திரும்ப முளைத்து வேலைக்கு வந்தபோது உடம்பு தேறியிருந்தது, அந்த மருந்தால் ஞாபகம்தான் இடறியது. எந்த நிற நூல் என்பது மறந்துபோகும். பேசும்போதே சொல் தொலைந்துபோகும். அப்படியும் தொழிலாளர் செஸ் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். இரண்டாவது சுற்றில் தேவகியும் அவளும் எதிரெதிரே உட்கார நேர்ந்தது.

வேறு ஏதாவது ஆடிவிடலாமா என்று தேவகி யோசித்துக்கொண்டிருந்தாள். பானு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "பாவம் பாக்காத தேவகி. எப்பவும் ஆடறதையே ஆடு."

தேவகி சிப்பாயைக் கொடுத்தாள். பானு வெட்டினாள். அடுத்து அவள் கை பலகைக்கு மேலே வந்து அப்படியே நின்றது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஓரத்துச் சிப்பாய் ஒன்றைத் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் தேவகி டிரா கேட்டுப் பார்த்தாள். பானு மாட்டேன் என்று தலையாட்டினாள். அதன்பின் ஆட்டம் வெகுநேரம் நீடிக்கவில்லை.

"வெட்னதும் எப்பவும் இன்னா பண்ணுவேன் நான்?" என்று பானு கேட்டாள்.

அவள் எப்போதும் காவலுக்குத் தள்ளும் சிப்பாயைத் தேவகி தொட்டுக் காட்டினாள்.

"ஆமால்ல," என்றாள் பானு.

மழைக்காலத்தில் நோய் திரும்பி வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது. துக்கத்துக்குப் போன தேவகியைப் பானுவின் அம்மா ஹலீமா பீ பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "படுத்துக்கினேகூட அந்த ஆட்டத்தோட மொத நாலு காயையே தள்ளிக்கினு இருந்தா. அடுத்த தபா உன்ன விடமாட்டேன்னா."

தேவகி அந்த அம்மாவின் கையைப் பிடித்தபடி சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள்.

இந்த வருஷப் போட்டிக்கு அவள் பெயர் கொடுக்கவில்லை.