மூன்றாவது வரிக்கு அர்த்தமில்லை

கனகசபை என்ற மனிதர் பதினாறு மாதங்கள் தடுப்புக்காவலில் இருந்ததற்கு நான் காரணம். அவரை நான் யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. நான் செய்தது வேறு. ஒரு சின்னத் தாளில் மூன்று புள்ளிகளை அச்சடித்தேன். அந்தப் புள்ளிகளுக்கு அர்த்தமே இல்லை. அர்த்தம் உண்டு என்று சொன்னேன்.

இத்தனை வருடங்களில் இதை யாருக்கும் சொன்னதில்லை. உங்களுக்கு ஏன் சொல்கிறேன்? நீங்கள் என்னை அறியாதவர் என்பதாலா... அல்லது சொல்ல வேண்டியவரிடம் சொல்லத் துணிவில்லாததாலா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

இன்றைக்கு மட்டக்களப்பு நகரில் எனக்கு ஒரு சிறிய அச்சுக் கடை இருக்கிறது. வரும் வேலைகளில் பாதி, கியூ.ஆர். குறியீடு போட்ட லேபல்கள். தயிர்ச் சட்டிக்கு, மிளகாய்த்தூள் பொதிக்கு, கைத்தறிச் சாரத்துக்கு. வருகிறவர்களுக்கு நானே விளக்குவேன். வாங்குகிறவர் போனைப் பிடித்தால் செய்தவர் யார், எந்தத் திகதி, எந்த ஊர், குறை இருந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் தெரியும். அடுத்த தடவை நேரே உங்களிடமே கேட்டு வாங்கலாம். மிகச் சிறிதாகப் போடாதீர்கள், வாசிக்காது. குளிர்ப்பெட்டியில் வைக்கும் பொருள் என்றால் ஈரத்துக்கு உரியாத தாள் எடுங்கள். ஒட்டுவதற்கு முன் இரண்டு போன்களிலாவது சோதித்துப் பாருங்கள்.

கடைசியில், "இதில் ரகசியம் ஒன்றுமில்லை" என்றும் சொல்வேன். அதை ஏன் சொல்கிறேன் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

யுத்த காலத்தில் இதே நகரில் வேறொருவருடைய அச்சகத்தில் அச்சுக்கோப்பவனாக இருந்தேன். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையில் அடுக்குவது என் வேலை. பின்பக்க ஜன்னலுக்குக் கீழே வாவி. கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு இங்கிருந்து செய்தியும் அனுப்பி வந்தேன். இருபத்தாறு வயது. கண்ணில் படுவதையெல்லாம் குறித்துவைக்கும் பழக்கம். நான் கெட்டிக்காரன் என்ற எண்ணமும் இருந்தது.

காத்தான்குடியில் கருவாட்டுக் கடை வைத்திருந்த ஹனிபா காக்கா எங்கள் அச்சகத்தின் வாடிக்கையாளர். பற்றுச்சீட்டுப் புத்தகம் எடுத்துப் போக ஒருநாள் வந்தவர் கதிரையில் உட்கார்ந்து குறைப்பட்டுக்கொண்டார்.

"ஆறு ஊர்க் கருவாடு எனக்கு வருகுது தம்பி. எல்லாம் ஒரே குவியல். ஒருத்தர்ர கருவாட்டில மண் இரிந்தா எல்லாருக்கும் சேத்து நான்தான் ஏச்சு வாங்கிறன். மாங்கேணிப் பொண்டு ஒண்டு, கண்ணாடி மாதிரிக் காயவைக்குது. அந்தக் கருவாட்டத்தான் சனம் கேக்குது. ஆனா எதுவெண்டு எனக்கே தெரியல்ல."

"பொதியில ஊர்ப்பேர எழுதிவிடச் சொல்லுங்களன், காக்கா."

"ஊர்ப்பேரா? அந்தப் பக்கத்து ஊர்ப்பேரைக் கண்டா சோதனைச் சாவடியில மூட்டையக் கொட்டிக் கிளறுவானுகள். கருவாடு வந்து சேரக்குள்ள தூளாத்தான் இரிக்கும்."

உண்மைதான். எந்த ஊர் என்பதை வைத்தே ஆளைச் சந்தேகப்பட்ட அந்த நாட்களில் ஊர்ப்பெயர் ஒரு சுமை. அடையாள அட்டையில் எழுதியிருப்பதை மாற்ற முடியாது. கருவாட்டுப் பொதியில் எழுதாமல் விடலாம். ஆனால் எழுதாமல் விட்டால் செய்தவரும் காணாமல் போய்விடுகிறார்... இந்தச் சிக்கல் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு மத்தியானம் முழுவதும் அதையே யோசித்தேன்.

பெயர் இல்லாத பெயர் ஒன்று செய்யலாம் என்று தோன்றியது.

எழுத்துப் பெட்டியில் கருப்புப் புள்ளியும் வெறும் வட்டமும் நிறைய இருந்தன. அவற்றை வரிசையாக அடுக்கினேன். வரிக்கு ஐந்து. முதல் வரியில் கருப்பு எங்கே வருகிறது என்பதைப் பார்த்தால் செய்தவர் யார் என்று தெரியும். இரண்டாவது வரி, எந்த வாரம் காயவைத்தது. வேண்டியது அவ்வளவுதான். விளக்கம் ஹனிபா காக்காவின் கடையில் ஒரு மட்டையில் எழுதித் தொங்கும்.

அச்சடித்துப் பார்த்தேன். இரண்டு வரி, நீளமான ஒரு துண்டு. பஸ் டிக்கட் மாதிரி இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. சதுரமாக, ஒரு முத்திரை மாதிரி இருந்தால் நல்லது என்று நினைத்து மூன்றாவது வரி ஒன்று சேர்த்தேன். மூன்று கருப்பு, இரண்டு வெறும் வட்டம். பார்க்க அழகாக இருந்தது!

அந்த அழகுக்காகத்தான்... வேறெதற்காகவும் இல்லை.

மாங்கேணிப் பெண்ணின் பெயர் செல்வராணி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கருவாடு காயவைப்பவர் அவர். அதை மூட்டை கட்டி பஸ்ஸில் கொண்டுவருபவர் கணவர் கனகசபை. ஹனிபா காக்கா சொல்லி இருவரும் அச்சகத்துக்கு வந்தார்கள். துண்டுகளைக் கையில் கொடுத்தேன். கனகசபை அண்ணன் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"தாயக்கட்டை மாதிரிக் கிடக்கு. தாயம் விழுந்தாப் பொரியல், விழாட்டிக் குழம்பு."

"பகிடி விடாம தம்பி சொல்லுறதக் கேளுங்க," என்றார் செல்வராணி அக்கா. அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் கேட்டார். முதலாவது சொன்னேன். இரண்டாவது சொன்னேன்.

"இந்தக் கடைசி வரி?"

ஒன்றுமில்லை, சும்மா போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு மூன்று விநாடி போதும்! நான் சிரித்தேன். "அது எனக்குத் தெரியும், அக்கா," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தப் பெண் என்னை வியப்போடு பார்த்ததாலா? அந்தப் பார்வையை இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேனா? இப்போது யோசித்தால் அதுதான் என்று படுகிறது. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

துண்டு வேலை செய்தது. அதையும் சொல்ல வேண்டும். சில வாரங்களில் காத்தான்குடிச் சனம் "புள்ளி போட்ட கருவாடு" என்று கேட்டு வாங்கத் தொடங்கியது. ஒரு பெண் துண்டைச் சேலை முந்தானையில் முடிந்து வந்து இதே கைக் கருவாடு வேண்டும் என்றாராம். ஹனிபா காக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மற்ற ஊர்க்காரருக்கும் அடிக்கச் சொன்னார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை சாவடியில் கனகசபை அண்ணனை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள்.

ஊர்ப்பெயர் இருந்திருந்தால் மூட்டையைக் கொட்டியிருப்பார்கள். ஊர்ப்பெயர் இல்லை. நாற்பது பொதியிலும் கருப்புப் புள்ளிகள்! அந்தக் காலத்தில் அப்படியொரு தாள் எப்படித் தெரிந்திருக்கும்? எனக்கு அது தோன்றவேயில்லை. சாவடியை நன்றாக அறிந்தவன் நான். அங்கே யார் யாரை எப்படி இறக்குகிறார்கள் என்று எத்தனையோ செய்தி எழுதியவன் நான்.

புதன்கிழமை காலை செல்வராணி அக்கா அச்சகத்துக்கு வந்தார். செருப்பில்லாமல் நின்றார். பஸ்ஸில் கழன்று விழுந்துபோயிற்று, எடுக்க நிற்கவில்லை என்றார்.

"ரெண்டு வரி என்னெண்டு அவர் சொல்லிப்போட்டார், தம்பி. மூண்டாவது என்னெண்டு கேக்கிறாங்களாம். தெரியாதெண்டு சொல்லியிரிக்கார். ஆருக்குத் தெரியும் எண்டு கேக்கிறாங்களாம். நீங்க ஒருக்கா வந்து சொல்லுங்க. கருவாட்டுத் துண்டெண்டு விளங்கினா விட்டிருவாங்க."

வெளியே ஒரு ஜீப் போயிற்று. நான் கதவிலிருந்து தள்ளி நின்றேன்.

என்ன நினைத்தேன் என்பதைச் சரியாக நினைவில் வைத்திருக்கிறேன். நான் போனால், இதை அடித்தது நீயா என்று கேட்பார்கள். பத்திரிகைக்கு எழுதுபவன் நீதானே என்பார்கள். மூன்றாவது வரி என்ன என்பார்கள். ஒன்றுமில்லை என்று சொன்னால் நம்புவார்களா? மூன்று புள்ளியைச் சும்மா போட்டேன், அழகுக்குப் போட்டேன் என்று சொன்னால்... அந்தக் காலத்தில் யார் நம்பியிருப்பார்?

"நான் வரத் தேவையில்ல, அக்கா," என்றேன். "அது மீன் வகை. மூண்டு புள்ளியெண்டா கட்டா. நீங்க போய் அப்படியே சொல்லுங்க. அவர் மறந்திரிப்பார் எண்டு சொல்லுங்க."

"கட்டா," என்றார். விரலில் மூன்று எண்ணிப் பார்த்தார். "மூண்டெண்டா கட்டா."

"என்ட பேரைச் சொல்லாதீங்க, அக்கா. வீட்டில அம்மா தனிய."

"ஒங்கட பேரை ஏன் தம்பி நான் சொல்லப்போறன்?"

அம்மா தனியாக இல்லை. என் இரண்டு அண்ணன்மாரும் கூடவே இருந்தார்கள்.

அவர் போனதும் கோத்து வைத்திருந்த புள்ளி அச்சைக் கலைத்தேன். கருப்பைக் கருப்பின் அறையிலும் வட்டத்தை வட்டத்தின் அறையிலும் போட்டேன். ஐந்து நிமிட வேலை. மிச்சத் துண்டுகளை மண்ணெண்ணெய்த் துணியோடு சேர்த்து எரித்தேன். அப்படியொன்று இருந்ததற்கு என்னிடம் எந்த அடையாளமும் இல்லாமல் போயிற்று.

செல்வராணி அக்கா சாவடியில் நான் சொன்னதைச் சொன்னார். மூன்று என்றால் கட்டா. உள்ளே கனகசபை அண்ணன் அதற்குள் வேறொன்று சொல்லியிருந்தார். மூன்று என்றால் முக்கால் கிலோ, அது நிறை என்று. வெளியே மனைவி ஒன்று சொல்கிறார், உள்ளே கணவர் வேறொன்று சொல்கிறார். அதன் பிறகு அது கருவாட்டுத் துண்டாக இருக்க முடியுமா?

அந்த வாரம் பத்திரிகையிலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். சாவடியில் யாரோ பிடிபட்டதாகக் கேள்விப்பட்டோம், ஏன் நீ அனுப்பவில்லை? அனுப்பினேன். இரண்டு வரிச் செய்தி. "சங்கேதக் குறியீடுகள் கொண்ட துண்டுகளுடன் வந்த ஒருவர் விசாரணைக்காகத் தடுத்து வைக்கப்பட்டுள்ளார் எனத் தெரிவிக்கப்படுகிறது."

தெரிவித்தவர் யார் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. அப்படி எழுதத்தான் எங்களைப் பழக்கியிருந்தார்கள். என் கையால் எழுதினேன். சங்கேதம் என்ற சொல்லையும் நானே எழுதினேன்... அனுப்பாமல் விட்டால் என்மேல் சந்தேகம் வருமே என்று பயந்தேன்.

பதினாறு மாதங்கள். அவரை எங்கே மாற்றினார்கள் என்று செல்வராணி அக்காவுக்குப் பாதிக் காலம் தெரியாது. நான் காத்தான்குடிப் பக்கம் போவதை நிறுத்தினேன். அச்சகக் கதவில் நிழல் விழும்போதெல்லாம் கை நின்றுவிடும். நாற்பது எழுத்துக் கோக்கும் வரியில் ஐந்து பிழை வரும். முதலாளி, "என்னடாப்பா உனக்கு, கலியாணம் பேசுறாங்களா?" என்று கேட்டார்.

விடுதலையாகி வந்த பிறகு கனகசபை அண்ணன் ஒரே ஒரு தடவை என்னைப் பார்க்க அச்சகத்துக்கு வந்தார். இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. தேநீர்க் கோப்பையை வலது கையால் வாங்கினார்.

"ஒங்கட பேர் வரல்ல, தம்பி. பயப்பிடாதீங்க. சந்தையில ஆரோ வித்த துண்டெண்டு சொல்லிப்போட்டன்."

நான் என் கோப்பையில் சீனியைக் கலக்கினேன்.

"ரெண்டு நாள் தெரியாதெண்டுதான் சொன்னன். மூண்டாம் நாள் தெரியும் எண்டு சொன்னன்." அவர் கொஞ்சம் சிரித்தார். "ராணி சரியாத்தான் சொல்லியிரிக்காள். கட்டா. நான்தான் நிறையெண்டு உளறிக் கெடுத்துப்போட்டன். அது கட்டாதானே, தம்பி?"

"ஓம் அண்ணன்," என்றேன்.

அவர் கேட்டதும் நான் சொன்னதும் அவ்வளவுதான். அவர் நாலு வருடங்களுக்கு முன்பு நெஞ்சு நோவில் இறந்துபோனார். நான் செத்தவீட்டுக்குப் போனேன். பின்வரிசைக் கதிரை ஒன்றில் இருந்துவிட்டு வந்தேன்.

போன மாதம் செல்வராணி அக்கா என் கடைக்கு வந்தார். இப்போது அவருடன் மாங்கேணிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கருவாடு போடுகிறார்கள். பொதிக்குக் கியூ.ஆர். வேண்டும். ஊர்ப்பெயர் பெரிதாகத் தெரிய வேண்டும் என்றார். என் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து ஒவ்வொரு விபரமாகச் சொன்னார், நான் தட்டினேன். செய்தவர், திகதி, மீன் வகை, நிறை.

மீன் வகை என்பதை இரண்டு தடவை பிழையாகத் தட்டினேன். நிறை என்று சொன்னவர் அத்துடன் நிறுத்தினார்.

"இது ரெண்டிலயுந்தான் என்ட மனிசன் மாட்டினது," என்றார். "ஒரு வரி. கட்டா எண்டு சொல்லேலாமப் போச்சு அந்த மனிசனுக்கு. வந்த நாளிலயிருந்து நான் ஏசினன், தம்பி. பிள்ளைகளுக்கு முன்னால ஏசினன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல்ல. 'ஓம், நான்தான் மடையன்' எண்டு போட்டு எழும்பிப் போவார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலயும் ஏசியிரிக்கன்."

நான் திகதியை அழித்துத் திரும்பத் தட்டினேன்.

"இப்ப கிடந்து யோசிக்கிறன். நான் ஏசினது பிழையில்லதானே? ஒங்களுக்குத்தானே தெரியும், தம்பி. நீங்கதானே சொல்லித் தந்தது. மூண்டெண்டா கட்டாதானே?"

உண்மையைச் சொன்னால் கனகசபை அண்ணன் மடையர் இல்லை என்றாகும். ஆனால் அந்தப் பெண் இருபது வருடத்துக்கு மேல் ஒரு குற்றமற்ற மனிதரை ஏசியவர் ஆவார். மன்னிப்புக் கேட்க அவர் இல்லை. உண்மையைச் சொல்லாவிட்டால்... பாருங்கள், அப்போதும் நான் அவருக்காக யோசிப்பதுபோலக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்காகத்தான் யோசித்தேன்.

"கட்டாதான், அக்கா," என்றேன்.

அவர் கதிரையில் சாய்ந்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு திரையைக் காட்டி, "நிறைக்கு முன்னால மீன் வகையப் போடுங்க," என்றார். போட்டேன். அவருடைய போனை வாங்கிச் சோதித்தேன். எல்லா வரியும் சரியாக வந்தது.