இரண்டாம் மாடியில் ஆறு பூக்கள்

இது நடந்தது. நம்பாதவர்கள் எங்கள் ஊர் ப்லோவ்திவுக்கு வந்தால் அந்தக் கட்டடத்தைக் காட்டுகிறேன். ஆனால் உங்களோடு மாடிக்கு மட்டும் வர மாட்டேன்.

தப்பு என்னுடையதுதான். சினிமாவில் மேசை, கடிதம், கோட்டு என்று சாமான்களைப் பார்த்துக்கொள்பவன் நான். தான் செத்துவிட்டதாக நம்பிப் புத்தி பேதலிக்கும் ஒருவனைப் பற்றிய படம். கடைசிக் காட்சிக்காக, நாயகனாக நடித்த எவ்லோகியின் முகம் போட்ட மரண அறிவிப்பை அந்தக் கட்டடத்தின் தெருக்கதவில் ஒட்டினேன். எங்கள் ஊரில் எந்தச் சாவும் அப்படித்தான் கதவுக்கு வரும். படப்பிடிப்பு முடிந்தது. கிழிக்க மறந்துபோய், நான்கு நாள் குடித்துத் தூங்கினேன்.

வியாழக்கிழமை இயக்குநர் ராலிட்சா போனில் கூப்பிட்டாள்.

“பென்யோ, தெருவே எவ்லோகிக்குத் துக்கம் கொண்டாடுது. போய்க் கிழிச்சுத் தொலை.”

“அவர் எங்கே?”

“ஓய்வெடுக்கிறார்.” வைத்துவிட்டாள்.

மாலை 4.10. கிழித்தேன். மேலே, நாங்கள் படம் பிடித்த வீட்டில், நாற்காலி இழுபடும் சத்தம். சாவி என் பையில் இருந்தது.

இரண்டாம் மாடி. வாசலில் ஆறு கார்னேஷன் பூக்கள். செத்தவர்களுக்குத்தான் இரட்டைப்படையில் வைப்போம்.

திறந்தேன். எவ்லோகி உட்கார்ந்திருந்தார். படத்தில் போட்ட அதே பழுப்புக் கோட்டு. அதைச் சலவைக்குப் போட்டவனே நான்...

“அண்ணே, வீட்டுக்குப் போகலையா?”

“எப்படிப் போறது. பூ வெச்சுட்டாங்களே.”

பயம் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம்போல உடம்பு மரத்திருந்தது. மனுஷன் உடைந்துவிட்டார், எப்படியாவது கீழே கூட்டிப்போக வேண்டும். அது மட்டும் புரிந்தது.

ஒரு பூவை எடுத்துச் சட்டைப்பையில் செருகினேன்.

“இப்போ அஞ்சு. பிறந்தநாள் கணக்கு. எழுந்திரிங்க.”

எழுந்தார்.

படியில் நான் முன்னால். பின்னால் அவர் காலடி. டக்... டக்...

வீட்டுக் கதவைப் பூட்டவில்லை.

தெரு. 4.36. திரும்பினேன்.

யாருமில்லை.

மேலே, படியில்... டக்.

ராலிட்சா போனை எடுக்கவில்லை. தயாரிப்பு மேலாளர், “நாளைக்குப் பேசலாமே” என்றார். எவ்லோகியின் அக்கா ஸ்லாவ்காவை அழைத்தேன்.

“அக்கா, அண்ணன் எங்கே? மறைக்காமச் சொல்லுங்க.”

“மனநல ஆஸ்பத்திரியில, பென்யோ. ஞாயித்துக்கிழமையிலேருந்து அசைவே இல்ல. இப்பத்தான், நாலு முப்பத்தாறுக்குக் கண்ணைத் திறந்தான். படி இறங்கின மாதிரி மூச்சு வாங்குது. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்... ‘உள்ள இருக்கிற இன்னொருத்தன் வர்றதுக்குள்ள, பென்யோ கதவைப் பூட்டிட்டானா?’”