மண்கரையும் நீலப் பலகையும்

அந்த நீலப் பலகையை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ‘பாதுகாக்கப்பட்ட சின்னம். சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர்.’ பெயிண்டருக்கு அதை டைப் அடித்துக் கொடுத்தவளே நான்தான். எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் தொல்பொருள் அலுவலகம் ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்தேன். கதிர்காமத்துக்கு அப்பால் சப்பாத்திக்கள்ளி மண்டி நீளமாக ஒரு மண்கரை கிடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஊருக்குக் காவலாக யார் யாரோ கூடை கூடையாக மண் சுமந்து எழுப்பிய அரண். அலைந்து திரிந்து அதைச் சின்னமாக அறிவிக்க வைத்தவர் எங்கள் அதிகாரி. அவர் மேல் எனக்கு அப்படியொரு மரியாதை.

கரையோரம் குடிசை கட்டி, சரிவைக் குடைந்து அடுப்புப் போட்டு இட்லி விற்றுக்கொண்டிருந்தார் ஓர் அக்கா. புருஷனுக்கு மில்லில் வேலை போய்விட்டது. அந்த அடுப்பு எரிந்தால்தான் பிள்ளைகளுக்குச் சோறு. பலகை நட்ட வாரமே அதிகாரி ஆட்களோடு போய்க் குடிசையைப் பிரித்துப் போட்டார். நானும் ஜீப்பில் இருந்தேன்.

“ஐயா, அடுப்புக்குக் கொஞ்சூண்டு மண்ணுதானே நோண்டனேன்?” என்று அழுதார் அக்கா.

“இது வெறும் மண்ணு இல்லம்மா, சரித்திரம். ஒரு கை அள்ளினாலும் குத்தம்” என்றார் அதிகாரி. எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் அவர் சொல்வது சரிதானே என்று இருந்துவிட்டேன்.

எண்பதுகள் பிறந்தபின் முத்தியால்பேட்டையில் அவர் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்தார். பள்ளமான மனையை மண் கொட்டித் தெருவுக்கு மேலே தூக்கியிருந்தார்கள். பாயசத் தம்ளரோடு கொல்லைப்பக்கம் போனேன். தளம் போடாத இடத்தில் செம்மண். அதில் நசுங்கிய கள்ளி மடல்கள், கரி பிடித்த அடுப்புக்கட்டி ஒன்று. அங்கே நின்ற லாரிக்காரரிடம் ஏது இந்த மண் என்று கேட்டேன்.

“கதிர்காமத்துக் கரைதாம்மா. போர்டு கிட்ட மட்டும் கை வெக்காதன்னு ஐயா சொல்லிட்டாரு.”

சீ! வாயில் இருந்த பாயசத்தை அங்கேயே துப்பினேன்.

மேலிடத்துக்குப் புகார் எழுதினேன். விசாரிக்க வந்தவர்கள் பலகை இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது. திருப்தியாகப் போய்விட்டார்கள். அதிகாரி கடைசிவரை மாலை மரியாதையோடு இருந்து ஓய்வு பெற்றார்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். கரை இருந்த இடமெல்லாம் வீடுகள். நடுவே, துருவேறி, அதே பலகை. அதன் காலடியில் அடுப்பு மூட்டி இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார் நரைத்துப்போன அக்கா. என்னை அடையாளம் கண்டு தட்டை நீட்டினார். பலகையைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

“இப்ப வரச் சொல்லு அந்தாள” என்றார். “எதச் சேதப்படுத்திட்டேன்னு இடிப்பான்?”