சின்னவன் நம்பிய ஒரே பெட்டி

பெரியவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அங்கே லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிற வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் விடமாட்டாள். பிசகியது தன் கையே என்றாலும் தன்னையே நாலு திட்டு திட்டிவிட்டு மறுபடி தேய்ப்பாள். தொற்றுக் காலம் வந்ததும் அந்தக் கோபத்துக்கு ஓய்வில்லாமல் போனது. புதுக் கண்ணாடி வாங்கிப் போனவர்கள் மூன்றாம் நாள் திரும்பி வந்து, "பவர் தப்பா இருக்கும்மா, எல்லாம் மங்கலாத் தெரியுது" என்று கவுண்டரில் நிற்பார்கள். மாஸ்க்குக்குள்ளிருந்து மேலே ஏறுகிற மூச்சு லென்ஸில் ஆவியாகப் படிந்திருக்கும். "பவர் சரியாத்தான் இருக்கு சார், உங்க மாஸ்க்தான் சரியா இல்ல" என்று தினமும் பத்து பேருக்குச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிப்போனது.

ஆனால் கடைக்கு வருகிற பத்து பேரையும் ஒரு தட்டில் வைத்து, அவள் தம்பியை மட்டும் இன்னொரு தட்டில் வைத்தால் தம்பிதான் கனப்பான். வீட்டில் அவன் பெயர் சின்னவன். வயது முப்பத்தெட்டு. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி, நகரத்தின் இன்னொரு மூலையில் தனி அறை எடுத்து இருக்கிறான். குளிர்பெட்டி மெக்கானிக். மருந்துக் கடை, ரத்த வங்கி, சுகாதார நிலையம் என்று எங்கே பெட்டி நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். எட்டு மாதமாகத் தடுப்பூசி போட்டுக்கொள்ள மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தான்.

இத்தனைக்கும் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இதய வால்வு ஒன்று சரியாக மூடவில்லை. இருபத்தைந்தாம் தேதி, திங்கட்கிழமை, ஆபரேஷன். இந்த வயதில் பயம் இருக்கத்தான் செய்கிறது என்று பெரிய டாக்டரே சொல்லிவிட்டார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் ஒருதரம் பக்கத்துல உக்காரவெச்சுப் பாக்கணும்." செல்போனில் முகத்தைக் காட்டினால் போதாதா என்று கேட்டதற்கு, "அதுல அவன் மூக்கு மட்டும்தான் தெரியுது. அந்த மூக்கை நான் ஏற்கெனவே பாத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டாள்.

வார்டில் ஒரு சட்டம். முதல் ஊசி போட்டுப் பதினாலு நாள் ஆனதற்குச் சான்று இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அதுவும் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை மட்டும். பெரியவள் தன் சான்றைக் காட்டித் தினமும் போய்வந்தாள். சின்னவன் கேட்டுக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்து, "அம்மா சாப்பிட்டாங்களா?" என்று அவளிடம் கேட்டுவிட்டுப் போவான்.

போனில் பேசிப் பார்த்தாள். ஊசி என்ற சொல் காதில் விழுந்ததும் வைத்துவிடுவான். நேரில் பேசினால் பைக்கை ஸ்டார்ட் பண்ணிவிடுவான். கடைசியில் அவளுடைய மகள்தான் வழி சொன்னாள். "மாமா ஏழு மணி ஆச்சுன்னா அந்தத் தீவு கேம்லதான் இருப்பாரு. ரெண்டு பேர் சேர்ந்து ஆடற கேம். பாதியில ஒருத்தர் போனா ரெண்டு பேருமே தோத்துடுவாங்க. அங்க போய்ப் புடி."

நாற்பத்தாறு வயதில் பெரியவள் கேம் ஆடக் கற்றுக்கொண்டது இப்படித்தான். மகளின் பழைய லேப்டாப், காதை அழுத்துகிற ஹெட்போன், கீபோர்டில் எந்த விரல் எங்கே என்று புரியாத திண்டாட்டம். கதை சுலபம்தான். பனி மூடிய தீவில் இருவர் மாட்டிக்கொள்கிறார்கள். விறகு, டீசல், மருந்து எல்லாம் தேடிச் சேர்த்துக்கொண்டு, மறுகரையில் இருக்கிற படகைக் கிளப்பித் தப்பிக்க வேண்டும். இரண்டு பேரும் ஏறினால்தான் படகு நகரும். கடைசிக் கட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது, விட்டால் முதலிலிருந்துதான். ஆரம்பத்தில் அவள் ஆள் சும்மா நடந்தே பள்ளத்தில் விழுந்து செத்தான். சின்னவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரித்துக் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்ததால் அவளும் பொறுத்துக்கொண்டாள்.

அப்புறம் தினமும் இதே பேச்சு.

"அக்கா, உன் ஆளுக்கு உடம்புல சூடு குறையுது. போர்வையைப் போடு."

"போட்டுட்டேன். நீ மருந்து எடுத்தியா?"

"நாலு எடுத்தேன். வழியில ஓநாய் கடிச்சா வேணுமே."

"கடிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுக்கறியா?"

"பின்ன? கடிச்சதுக்கப்புறமா தேடுவாங்க?"

"இதையேதான்டா நானும் எட்டு மாசமா கரடியா கத்தறேன்!"

"ஆரம்பிச்சிட்டியா? அக்கா, இது கேம். இதுல மருந்து கெட்டுப்போகாது."

அதுதான் அவன் கட்சி. வாட்ஸப்பில் வருகிற கண்டதையும் நம்புகிறவனாக இருந்தால் அவள் நன்றாகத் திட்டி ஓய்ந்திருப்பாள். அவன் அப்படி இல்லை. "அந்த ஊசி மருந்து ரெண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவுல இருக்கணும்க்கா. நான் போய்ப் பாக்கிற பெட்டியில பாதி, கதவு ரப்பர் போன பெட்டி. ஒரு எடத்துல மருந்துக்குப் பக்கத்துலயே மத்தியான சாப்பாட்டு டப்பா இருக்கு. பசிக்குப் பசி திறந்து மூடறாங்க. கெட்டதைப் போட்டுக்கிட்டு, போட்டாச்சுன்னு தைரியமா அம்மா பக்கத்துல போய் உக்காரச் சொல்றியா?" என்பான். அரை மில்லிமீட்டருக்காகச் சண்டை போடுகிறவள் ஆறு டிகிரிக்காகச் சண்டை போடுகிறவனை எப்படித் திட்டுவது? அந்த ஆத்திரத்தில் அவள் ஒரு நாள் கையிலிருந்த விறகை எல்லாம் தீவின் நடுவில் போட்டுக் கொளுத்திவிட்டாள். அன்றைக்கும் தோல்வி.

தேதி நகர்ந்துகொண்டே இருந்தது. ஒன்பதாம் தேதி சனிக்கிழமைக்குள் போட்டால் உண்டு. திங்கட்கிழமை என்றால் பதினாலு நாள் ஆபரேஷன் அன்றைக்குத்தான் முடியும், அடுத்த தடவை மருந்து வருவது எப்போது என்றும் யாருக்கும் தெரியாது. லென்ஸ் தேய்க்கும்போதும் அவளுக்கு இதே கணக்குதான்.

ஆறாம் தேதி ஆட்டத்தின் நடுவே அவன் பெருமை அடித்துக்கொண்டான். பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பெட்டிக்குப் புதுக் கம்ப்ரசர் வைத்தானாம், கதவு ரப்பர் மாற்றினானாம், உள்ளே தன் சொந்தத் தெர்மாமீட்டரையே மாட்டிவிட்டு வந்தானாம். "நாலு நாளா நாலு டிகிரியை விட்டு அசையலக்கா. தங்கம் மாதிரி வேலை."

"அப்ப அங்க போய்ப் போட்டுக்கோ."

திரையில் அவன் ஆள் மரம் மாதிரி நின்றான், ஓநாய் வந்து காலைக் கவ்வியது, அப்போதும் நகரவில்லை.

"வேற யார் ரிப்பேர் பண்ணதையும் நம்ப மாட்டே. உன் கையையாவது நம்புவியா, மாட்டியா?"

"நம்புவேன்" என்றான், தயங்கித் தயங்கி. "சனிக்கிழமை போறேன். மத்தியானம் ஒரு மணி வரைக்கும் போடறாங்க."

பெரியவளுக்கு ஹெட்போனைக் கழற்றி முத்தமிடலாம் போல இருந்தது. அடுத்த நாள் வார்டில் போய், "அவன் வரப்போறாம்மா" என்று மட்டும் சொன்னாள். அம்மா அன்றைக்கு முழுத் தட்டையும் காலி செய்தாள்.

சனிக்கிழமை கடை கிடையாது. காலை பதினோரு மணிக்கு சின்னவன் கூப்பிட்டான். "ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போறேன்க்கா. ஊசியை நெனச்சா பயமா இருக்கு." குளிர்பெட்டிக்குள் தலையை விட்டு வேலை செய்கிறவனுக்கு ஊசிமுனை என்றால் பயம்! பெரியவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவது என்று பேச்சு.

அன்றைக்கு என்று எல்லாம் கைகூடி வந்தது. ஓநாய் வரவில்லை. டீசல் முதல் குடிசையிலேயே கிடைத்தது. மூன்று வாரமாக எட்டிக்கூடப் பார்க்காத மறுகரை பன்னிரண்டரைக்குக் கண்ணில் பட்டது. படகும் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா, மணி பன்னெண்டரை. நான் கிளம்பவா? பைக்ல கால் மணி நேரம் ஆகும்."

இந்த இடத்தில் அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று குழந்தைகூடச் சொல்லும். எட்டு மாதம் கத்தியவள், தேதி எண்ணியவள், ஊசிக்காகவே கேம் கற்றவள். அவள் கண் திரையை விட்டு நகரவில்லை.

"பத்து நிமிஷம்டா. கயிறு மட்டும் அவுத்தா போதும். இப்ப விட்டா மறுபடி மொதல்லேருந்து ஆடணும்."

"லேட்டாயிடும்க்கா."

"ஆகாதுடா. நீ டீசலை ஊத்து, நான் ஏணியில ஏறறேன்."

ஏணியில் பாதி ஏறும்போது அவள் விரல் பக்கத்துக் கீயில் பட்டது. அவள் ஆள் தண்ணீரில் விழுந்தான். சின்னவன் அவளை இழுக்கக் குதித்தான். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு பேரும் விறைத்துப்போனார்கள். லேப்டாப்பின் மூலையில் மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு ஐம்பத்து நாலு.

"ஓடுடா!" என்று அலறினாள்.

ஒன்று பத்துக்குப் போன் வந்தது. ஷட்டர் பாதி இறங்கியிருந்ததாம். திறந்த குப்பியில் மிச்சம் இருந்ததை அப்போதுதான் கொட்டிவிட்டு நர்ஸ் கையைக் கழுவிக்கொண்டிருந்தாளாம். அவன் ஒருவனுக்காகப் பத்து பேருக்கான புதுக் குப்பி உடைக்க முடியாது, திங்கட்கிழமை வா என்றாளாம். திங்கட்கிழமை போனால் மருந்தே தீர்ந்துவிட்டது. அவன் சரி பண்ணிய பெட்டி நாலு டிகிரியில் காலியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள்தான் குறையும், கெஞ்சிப் பார்க்கலாம், வேறு இடத்துக்குப் போடா என்று பெரியவள் அழுதே கேட்டாள். மாட்டேன் என்றான். வியாழக்கிழமை புது மருந்து வந்ததும் முதல் ஆளாக நின்று போட்டுக்கொண்டான். அதிலிருந்து பதினாலு நாள் என்றால் இருபத்தெட்டு. ஆபரேஷன் இருபத்தைந்து.

வாட்ச்மேனிடம் கெஞ்சினாள். வார்டு நர்ஸிடம் கெஞ்சினாள். "மூணு நாள்தானே குறையுது, டபுள் மாஸ்க் போட்டு வரட்டும்" என்றாள். "உங்களுக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்மா. உள்ள படுத்திருக்கறது உங்கம்மா மட்டும் இல்ல" என்றாள் நர்ஸ். அதில் தப்பு ஒன்றும் இல்லை. தப்பு இருந்திருந்தால் கத்தவாவது செய்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆபரேஷனுக்கு முந்தின நாள், கேட்டுக்கு வெளியே சின்னவன் நின்றான்.

"அக்கா, கேம் கதையெல்லாம் அம்மாகிட்ட சொல்லாதே. நான் பிடிவாதமா லேட் பண்ணிட்டேன்னே இருக்கட்டும். என்னைத் திட்டறது அவங்களுக்குக் கை வந்த கலை."

சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் தனியாக வருவதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வரலையா? வரமாட்டான். எனக்குத் தெரியும். அவனுக்கு என்னைவிட அவன் பிடிவாதம் பெருசு. பொறந்ததுலேருந்து இப்படித்தான். பால் குடிக்கவும் பிடிவாதம், பள்ளிக்கூடம் போகவும் பிடிவாதம். நான் பொழச்சு வந்தா அவனை என்ன பண்றேன் பாரு." மூச்சு வாங்கியது, இருந்தும் குரலில் ஒரு தெம்பு இருந்தது. "போய்ச் சொல்லு அவன்கிட்ட. வந்து ரெண்டு அறை கொடுக்காம நான் போறதா இல்லைன்னு சொல்லு."

பெரியவள் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வெளியே பைக் பக்கத்தில் நிற்கிறவனை நினைத்தாள். ஒவ்வொரு வார்த்தையும் அவளைச் சுட்டது. பொறுக்க முடியவில்லை.

"அம்மா, அவன் கிளம்பினான். நான்தான் நிறுத்தினேன்" என்று ஆரம்பித்து, படகு, கயிறு, பத்து நிமிஷம், ஏணி என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

அம்மா கண்ணை இமைக்காமல் கேட்டாள். "ஜெயிச்சீங்களா?" என்றாள்.

"இல்லம்மா."

"அதுவும் இல்லையா?"

பெரியவளுக்கு அழுகை வந்தது. அம்மா அவள் கையைப் பிடிக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. தலையணையில் சாய்ந்துகொண்டாள். சற்று முன்னால் இருந்த தெம்பு முகத்திலிருந்து போயிருந்தது.

"ஒரு வாரமா அவன் மேல கோவப்பட்டுக்கிட்டே படுத்திருந்தேன்டி. அதனால நாளைக்கு நடக்கப்போறது பயமா இல்லாம இருந்துச்சு. எழுந்து வந்து அவனைத் திட்டணும், அது ஒண்ணுதான் ஞாபகம். இப்ப அதையும் எடுத்துட்டே."

"என் மேல கோவப்படும்மா. நல்லாத் திட்டு."

அம்மா அவளைப் பார்த்தாள். திட்டுவதற்காக வாயைக்கூடத் திறந்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"உன்னைத் திட்டி எனக்குப் பழக்கமே இல்லையே."

ஆறு மணி ஆகிவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னாள்.