ஒரே ஒரு குரல்

அடி அண்ணாமலை கிராமத்து வெள்ளையம்மாளுக்கு எதையும் ஒரு தரம் சொல்லிப் பழக்கமே இல்லை. கோழிக்கு "பா பா", மாட்டுக்கு "ஹை ஹை", வாசலுக்கு வந்தவர்களுக்கு "வாங்க வாங்க, மோரு கீரு குடிக்கிறீங்களா?" வாயைத் திறந்தால் ஜோடிதான்! "ஏண்டி, பொடவையும் ரெண்டு ரெண்டாத்தான் கட்டுவியா?" என்று ஊர்ப் பெண்கள் கிண்டல் செய்தால், அவளும் சேர்ந்து கலகலவென்று சிரிப்பாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் விளையாட்டே கிடையாது. உச்சி வெயிலில் யாராவது பேர் சொல்லி ஒரு தரம் கூப்பிட்டால் 'ஏன்' என்று கேட்கக் கூடாது. காத்துக் கருப்பு ஒரு தரம்தான் கூப்பிடும். மனுஷன்தான் மறுபடியும் கூப்பிடுவான். பிறந்த வீட்டில் பாலோடு ஊட்டிய பயம் அது. புருஷன் தசரதனுக்கும் இது தெரியும். கழனியிலிருந்து எப்போதும் "வெள்ளே, வெள்ளே!" என்றுதான் குரல் கொடுப்பார்.

எழுபத்தெட்டாம் வருஷம், சித்திரை மாசம், நடுப்பகல். கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். கிணற்றுப் பக்கமிருந்து "வெள்ளே!" என்று ஒரு குரல். அவர் குரலேதான். முறம் அப்படியே நின்றது. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். இரண்டாவது குரல் வரவில்லை. ஐயையோ, அவர் குரலிலேயே கூப்பிடுகிறதே என்று முறத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை! தூ தூ என்று துப்பிவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

கூழ் எடுத்துக்கொண்டு போனபோது கழனியில் ஆளைக் காணோம். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். பெயர்ந்த படிக்கல் நெஞ்சின்மேல் கிடக்க, தண்ணீரோரம் மல்லாந்து கிடந்தார் தசரதன். கண் மட்டும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கழனி அப்பாசாமி ஓடி வந்தான். கயிறு கட்டித் தூக்கினார்கள்.

மாட்டு வண்டியில் அவர் தலை அவள் மடியில் இருந்தது.

"கூப்ட்டேனே... காதுல உழலியா? இன்னொரு வாட்டி கூப்ட மூச்சு இல்ல."

அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"உழலீங்க."

பாவி, பச்சைப் பொய்! ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

அதற்கப்புறம் அவளுடைய ஜோடிப் பேச்சு போயே போய்விட்டது. கோழிக்கும் ஒரே ஒரு 'பா'தான். பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்களுக்கு மோர் விற்றுப் பிழைத்தாள். கூட்டத்தில் யாரோ யாரையோ ஒரு தரம் கூப்பிட்டால் போதும், கையிலிருந்த குவளையை அப்படியே போட்டுவிட்டுக் குரல் வந்த பக்கம் ஓடுவாள்.

"வந்துட்டேங்க, வந்துட்டேங்க!"